முகத்துக்கு முன்னால் முதுகைப் பார்

தேவிபட்டினம்

அன்பு மகளுக்கு,

நீ வாங்க நினைக்கும் கண்ணாடி ஓவியத்தின் போட்டோ வந்து சேர்ந்தது. நாற்காலியில் மீசைக்காரர், பக்கத்தில் பூச்சாடி, கையெழுத்து கிடையாது. வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். முன்பக்கத்தை மட்டும் காட்டினால் யாரால் சொல்ல முடியும், ஆத்தா? அதைத் திருப்பு.

கண்ணாடிப் படத்தைக் கண்ணாடியின் பின்பக்கத்தில், தலைகீழ் வரிசையில்தான் எழுதுவார்கள். கண்மணி, மீசை, நகை முதலில், அதன்மேல் தோல் நிறம், பின்னணி கடைசி. அதனால் முன்பக்கத்திலிருந்து எவராலும் திருத்த முடியாது. உதிர்ந்த இடத்தில் பின்னாலிருந்து அப்பிய சாயம் முன்னால் தனித் திட்டாகத் தெரியும். பின்பலகையைக் கழற்றச் சொல்லி, இருட்டறையில் பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பார், உதிர்ந்த இடமெல்லாம் நட்சத்திரமாக மின்னும். ஓரத்தில் நாலைந்து இருந்தால் பாதகமில்லை. முகத்தில் இருந்தால் விலையைப் பாதியாகக் கேள், இல்லை விட்டுவிடு.

சட்டைப் பையையும் கவனி. போட்டோவின்மேல் கண்ணாடியை வைத்து வரைந்திருந்தால் இடம் வலமாகிப் பை வலது மார்பில் வரும். அது குறையில்லை. என்னைக் கேட்டால் அந்தப் படங்கள்தான் ருசி.

பழைய கண்ணாடியைச் சாய்த்துப் பார்த்தால் அலை தெரியும், குமிழ் இருக்கும். பழைய சட்டத்தில் புதுக் கண்ணாடியைப் போட்டு விற்கிறவர்களும் உண்டு. ஆணியைச் சுற்றித் துரு மரத்துக்குள் ஊறியிருக்கிறதா, பக்கத்தில் இன்னொரு வரிசைத் துளை இருக்கிறதா என்று பார். துளை இரட்டை வரிசையாக இருந்தால் ஒருமுறை பிரித்திருக்கிறார்கள். பின்பலகைக்குள் ஒட்டிய செய்தித்தாளின் தேதியை ஓவியத்தின் வயசு என்று நம்பாதே. அந்தத் தேதிக்குப் பிறகு ஒட்டினார்கள் என்பதற்கு மட்டுமே அது சாட்சி.

சாயம் பூசிய போட்டோவையும் எண்ணெய் ஓவியம் என்று தள்ளிவிடுவார்கள். பத்து மடங்கு லென்ஸ் வைத்துப் பார். உடையில் தூரிகைத் தடமும் முகத்தில் போட்டோவின் வழவழப்பும் இருந்தால் அது சாயப்படம். ஒரே சீராகப் புள்ளிகள் தெரிந்தால் வெறும் அச்சு.

இனி நம்ம கடலோர ஊர்த் தொல்லை. கண்ணாடி சாயத்தை உறிஞ்சாது. சாயம் மேலே ஒட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். உப்பு ஈரத்தை இழுக்கும். சாயம் ஐப்பசி கார்த்திகையில் உப்பி, பங்குனி வெயிலில் சுருங்கி, செதில் செதிலாகக் கழன்றுவிடும். ஆகவே கடலைப் பார்த்த வெளிச்சுவரில் மாட்டாதே, உள்சுவர் நல்லது. சட்டத்தின் கீழ் இரண்டு மூலையிலும் அரை அங்குலத் தக்கை ஒட்டினால் பின்னால் காற்று ஓடும், கரையான் ஏறினாலும் கண்ணில் படும். விளக்குக்கும் சாம்பிராணிக்கும் மேலே வேண்டவே வேண்டாம்.

துடைப்பது முன்பக்கம் மட்டும், லேசாக நனைத்துப் பிழிந்த துணியால். கண்ணாடியில் எதையும் பீய்ச்சாதே. ஓரம் வழியாக உள்ளே இறங்கும். உதிர்கிற படத்தைச் சாயப்பக்கம் மேலே இருக்கும்படி படுக்கவைத்தே தூக்கு. கீறல் விட்டிருந்தால் டேப்பை முன்பக்கம் மட்டும் ஒட்டு. சாயப்போட்டோ கண்ணாடியோடு ஒட்டிப் போயிருந்தால் பிய்க்காதே, முகமே உரிந்து வரும். அதற்கென்று வேலை தெரிந்தவரிடம் கொடு. ஒட்டாமல் இருந்தால் நடுவே மூன்று மில்லிமீட்டர் அட்டை விளிம்பு கொடுத்துச் சட்டம் போடச் சொல்.

ஓவியர் பெயர்தான் இல்லை, படத்திலிருப்பவர் பெயரும் தொலைந்துபோகக் கூடாது. விற்றவர் சொன்ன ஊர், வீடு, உறவு எல்லாவற்றையும் தனித்தாளில் பென்சிலால் எழுதிவை. பழைய பலகையைத் தூக்கிப் போடாதே. ரப்பர் முத்திரையும் உபயக்காரர் பெயரும் அதில்தான் இருக்கும்.

சட்டம் என்றதும் மரச்சட்டம் மட்டுமில்லை, ஆத்தா. 1972 தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷம் தாண்டிய ஓவியத்தை நீ சிங்கப்பூருக்குக் கொண்டுபோக முடியாது. இங்கே வைத்துக்கொள்ளவும் பதிவு வேண்டுமா என்று விசாரித்துக்கொள். வயசு சந்தேகமென்றால் இந்தியத் தொல்லியல் துறையிடம் தொல்பொருள் இல்லை என்று சான்று வாங்கு.

லீவில் வரும்போது பழம்பொருள் கடைகள் இருக்கும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போகலாம். அதற்கு முந்தின நாள் ராமநாதபுரம் சேதுபதி மன்னர்களின் ராமலிங்க விலாசம் அரண்மனையில் அரைநாள் இரு. அங்கே சுவரோவியத்தில் ராஜராஜேஸ்வரி அம்மனிடம் செங்கோல் வாங்கும் சேதுபதியை நன்றாகப் பார்த்துவிட்டு வந்தால், கடையில் கண் தானாகப் பொறுக்கும்.

இப்போதைக்கு அந்த வியாபாரியிடம் நாலு மூலை, ஆணி, பலகை, டார்ச் வெளிச்சம் என்று பின்பக்கப் படங்கள் கேட்டு அனுப்பு. அதுவரை முன்பணம் கொடுக்காதே.

அப்பா