அன்ரியோடு கோபிக்க முன்னம்

ஸ்காபரோ,
ஞாயிறு இரவு

அன்புள்ள மகளுக்கு,

உன் நீளமான மெசேஜை மூன்று தரம் வாசித்தேன். போனில் பதில் சொன்னால் நீ இடையில் புகுந்து கதைப்பாய், எனக்கும் சத்தம் கூடிவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

அன்ரியின் மகன் மருந்தாளர் வேலையை விட்டுச் சமையல் வேலைக்கென்று குசினிக்குள் போய் எட்டு மாதம். அங்கிள் அவனோடு கதைக்காமல் விட்டும் எட்டு மாதம். அன்ரி கதைக்கிறார், பாதியில் அழுகிறார். உனக்கு ஆத்திரம் வருவது எனக்கு விளங்குகிறது. ஆனால் "காசும் அந்தஸ்தும்தான் அவர்களுக்குக் கடவுள், சீன ஆட்களே இப்படித்தான், எல்லாம் கன்பூசியஸ் காலத்துப் பழக்கம்" என்று எழுதியிருக்கிறாயே, அதை என்னால் அப்படியே விட முடியவில்லை. நான் இரவு வேலைக்குப் போன நாட்களில் அன்ரி வைத்த சோறு தின்று வளர்ந்த பிள்ளை நீ.

நாலாம் வகுப்பிலிருந்து நீயும் அவனும் ஒரே கட்டடம், ஒரே பள்ளிக்கூடம். இருந்தும் அன்ரியின் கதை உனக்குத் தெரியாது. அவனுக்கே முழுக்கத் தெரியுமோ என்னவோ. பிள்ளைகளுக்குச் சொல்லாததையெல்லாம் நாங்கள் இரண்டு பேரும் தொழிற்சாலையில் பெட்டி ஒட்டிக்கொண்டே அரைகுறை இங்கிலிஷில் ஒருவருக்கொருவர் கொட்டித் தீர்த்தோம்.

அன்ரி 1956 இல் குவாங்சோவில் பிறந்தவர், பள்ளிக்கூட வாத்தியாரின் மகள். அவருக்குப் பத்து வயதாக இருக்கும்போது சீனத் தலைவர் மாவோவின் கலாசாரப் புரட்சி தொடங்கியது. பல்கலைக்கழக நுழைவுப் பரீட்சையையே 1966 இல் நிறுத்திவிட்டார்கள். வர்க்க எதிரிகள் என்று ஒரு பட்டியல் போட்டு, அதில் ஒன்பதாவது இடத்தில் படித்தவர்களை வைத்து, 'நாறல் ஒன்பது' என்று பட்டமும் சூட்டினார்கள். அன்ரியின் அப்பா, மற்றவர்கள் வந்து எரிக்க முன்னம் தன் புத்தகங்களைத் தானே அடுப்பில் வைத்தாராம். பதினேழு வயதில் அன்ரியை ஹைனான் தீவில் இறப்பர்த் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். கிராமத்துக்குப் போய் விவசாயிகளிடம் படியுங்கள் என்று மாவோ சொல்ல, அந்த வருஷங்களில் அப்படிப் போன பட்டணத்துப் பிள்ளைகள் 1 கோடியே 70 இலட்சம் அளவில். விடியமுன் எழும்பி மரத்தைக் கீறிப் பால் எடுக்கிற வேலை. அவர் இறப்பர் என்றதும் நான் எங்கள் இலங்கை மலையகத்துத் தோட்டச் சனத்தைப் பற்றிச் சொன்னேன். அன்று பெட்டி ஒட்டுவதை மறந்து சுப்பவைசரிடம் ஏச்சு வாங்கினோம்.

அந்தத் தோட்டத்திலிருந்து கல்லூரிக்குப் போக ஒரு வழி இருந்தது. பரீட்சை இல்லை, சிபாரிசு. மேலே உள்ளவர் பெயர் எழுதிக் கொடுக்க வேண்டும். அவருக்குப் பிடித்தவர்கள் போனார்கள், வாத்தியாரின் மகள் நாலு வருஷம் பால் வெட்டினார்.

1977 டிசம்பரில் பரீட்சை திரும்பி வந்தது. 57 இலட்சம் பேர் எழுதி, எடுபட்டவர்கள் 2 இலட்சத்து 70 ஆயிரம் அளவில். நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. அன்ரி எடுபட்டார், எஞ்சினியரிங். அவர் எனக்குச் சொன்னதில் ஒன்று மட்டும் இத்தனை வருஷமாகியும் மறக்கவில்லை: "என்ர பேப்பரைத் திருத்தின ஆளுக்கு என்ர அப்பா ஆரெண்டு தெரியாது."

இப்போது கன்பூசியசுக்கு வா. கன்பூசியசின் நூல்களைப் படித்து அரச உத்தியோகத்துக்காக எழுதுகிற சீனத்து அரசப் பரீட்சை 605 ஆம் ஆண்டளவில் தொடங்கி 1905 இல் ஒழிக்கப்பட்டது என்பார்கள். ஆயிரத்து முந்நூறு வருஷப் பழக்கம் கொஞ்சமாவது ஊறித்தான் இருக்கும், நான் மறுக்கவில்லை. ஆனால் அன்ரிக்குப் படிப்பு முப்பாட்டன் சொத்தாகக் கைக்கு வரவில்லை. கையிலிருந்து பறித்தார்கள், பத்து வருஷம் கழித்துத் திருப்பித் தந்தார்கள். பறிகொடுத்துத் திரும்ப வாங்கின பொருளை ஒருவர் எப்படிப் பிடித்துக்கொள்வார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா?

'கணிதம், பௌதிகம், இரசாயனம் கற்றவன் உலகம் முழுக்கப் பயமின்றி நடப்பான்' என்று அங்கே ஒரு வாசகம். அவனும் நீயும் பெருக்கல் வாய்பாடு படித்த மேசையில் அன்ரி அதைச் சொல்லுவார், நீங்கள் இரண்டு பேரும் சிரிப்பீர்கள். அதில் 'பயமின்றி' என்ற சொல்லைக் கவனி. பணக்காரனாக என்று இல்லை.

அங்கிளின் பக்கம் இன்னொரு கதை. அவருடைய ஊர் தைஷான். கனடாவுக்கு முதல் வந்த சீனர்களில் பெரும்பங்கு அந்தப் பக்கத்து ஆட்கள். பசிபிக் ரயில் பாதையைப் போட ஆயிரக்கணக்கில் கூட்டி வந்தார்கள். பாதை முடிந்த அதே 1885 இல் சீனருக்கு மட்டும் உள்ளே வரத் தலைவரி, ஆளுக்கு ஐம்பது டொலர். 1900 இல் நூறு, 1903 இல் ஐந்நூறு. அங்கிளின் தாத்தா 1913 இல் அந்த ஐந்நூறைக் கட்டித்தான் இறங்கினார். ஒரு கூலியாளுக்கு அது இரண்டு வருஷச் சம்பளம். பிறகு 1923 யூலை 1 ஆம் திகதி கதவையே பூட்டிவிட்டார்கள், திறந்தது 1947 இல். நாங்கள் வாணவேடிக்கை பார்க்கப் போகிற கனடா தினம் இருக்கே, அதே நாள். சீனர்கள் அதை அவமான நாள் என்று சொல்லிக் கடைகளைப் பூட்டினார்கள். தாத்தா இங்கே, மனைவி தைஷானில். அவர் ஊருக்குப் போய் வந்தது மூன்று தடவை. அந்த வெளிநாட்டுச் சொந்தத்தாலேயே பின்னாளில் சீனாவில் அங்கிள் குடும்பத்தைச் சந்தேகக் கண்ணோடு பார்த்தார்கள் என்பது தனிக் கொடுமை.

தாத்தா இங்கே என்ன வேலை செய்தார் என்று நினைக்கிறாய்? குசினி வேலை. உங்கள் வன்கூவரில், நீ அடிக்கடி படம் எடுத்துப் போடுகிறாயே, அந்தப் பெண்டர் வீதிப் பக்கம். அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால்தான் வழக்கறிஞராகலாம், மருந்தாளராகலாம். சீனருக்கு வாக்கே இல்லை. சமைக்கலாம், உடுப்புத் தோய்க்கலாம், மரக்கறி விற்கலாம். இந்த நாட்டின் முதல் சீன வழக்கறிஞர் கியூ டொக் யிப் பதவியேற்றதே 1945 இல், அதுவும் இங்கே ஒன்ராரியோவில்.

இனி அங்கிளின் இடத்தில் இருந்து பார். அவர்களுடைய மகனுக்கு அந்தத் தாத்தா பூட்டன். பூட்டனுக்குப் பூட்டியிருந்த கதவால் பேரனின் பிள்ளை உள்ளே போனான். வெள்ளைக் கோட்டோடு அவன் நிற்கிற படத்தைப் பூட்டனின் படத்துக்குப் பக்கத்தில் கொழுவினார். ஒன்பது வருஷம் கழித்து அவன் அதே பட்டணத்தில், அதே குசினிக் கதவால் திரும்பிப் போகிறான், விரும்பி. அந்த 'விரும்பி' என்ற சொல்தான் அங்கிளுக்கு விழுங்க முடியாமல் இருக்கிறது.

அவர்கள் 1998 இல் வந்தபோது அன்ரிக்கு நாற்பத்திரண்டு. 1967 இலிருந்து கனடா புள்ளி போட்டு ஆள் எடுக்கிறது. படிப்புக்கு இவ்வளவு, மொழிக்கு இவ்வளவு. எஞ்சினியர் என்பதற்குப் புள்ளி கொடுத்துக் கூப்பிட்டார்கள். வந்து இறங்கியதும் 'கனேடிய அனுபவம்' இருக்கா என்று கேட்டார்கள். அன்ரி அறுபது, எழுபது இடத்துக்கு விண்ணப்பம் போட்டார். நேர்முகத்துக்குக் கூப்பிட்டது மூன்று இடம். மூன்றிலும் கணக்கு, வரைபடம் எல்லாம் சரி. அவர் இங்கிலிஷில் கதைக்கத் தொடங்கியதும் எதிரில் இருந்தவரின் முகம் மாறியதாம். பிறகு என்னோடு பெட்டி ஒட்ட வந்தார், பதினொரு வருஷம்.

இதிலிருந்து ஒரு மனிசி என்ன பாடம் எடுப்பா? யாருடைய விருப்பு வெறுப்பிலும் தங்கியிருக்காத வேலையைப் பிள்ளைக்குத் தேடுவா. ஓவியம், எழுத்து, நாடகம், சமையல் எல்லாவற்றிலும் யாரோ ஒருவர் உன்னைப் பார்த்து 'நல்லா இருக்கு' என்று சொல்ல வேண்டும். யாரையாவது தெரிந்திருக்க வேண்டும். மருத்துவம், மருந்து, கணக்கியல் எல்லாம் பரீட்சை. எழுது, பாஸ் பண்ணு, லைசென்ஸ் வரும், அதைச் சுவரில் மாட்டு. உச்சரிப்பு எப்படி இருந்தாலும் அந்தக் கடதாசியை ஒருவரும் கழற்ற முடியாது. இதுதான் அவர்கள் நம்பிக்கை. வேறு தொழில்களுக்கு எந்தப் பக்கத்தால் உள்ளே போவதென்று அவர்களுக்குத் தெரியவும் தெரியாது. தெரிந்தவர், சொந்தக்காரர் என்று அந்த உலகத்தில் ஒருவரும் இல்லை. தெரியாத காட்டுக்குள் ஒற்றைப் பிள்ளையை யார் அனுப்புவார்கள்?

ஒற்றைப் பிள்ளை என்றது சும்மா இல்லை. 1980 இலிருந்து 2015 வரை சீனாவில் பட்டணத்து ஆட்களுக்கு ஒன்றுக்கு மேல் கூடாது என்றிருந்தது. அன்ரிக்கு இரண்டாவது பிள்ளை வேணும் என்று ஆசை இருந்தது, அதை ஒருநாள் மட்டும் சொன்னார். இந்த நாட்டில் முதியோர் பென்சன் முழுதாகக் கிடைக்க நாற்பது வருஷம் இங்கே இருந்திருக்க வேணும். நாற்பத்திரண்டு வயதில் வந்தவருக்கு அறுபத்தைந்தில் இருபத்துமூன்று வருஷம், அவ்வளவு பங்குதான். நீ 'காசு' என்று எழுதினது இதைத்தானோ?

சரி, அவர்களுக்காக வக்காலத்து வாங்கி முடிந்தது. பிழையையும் சொல்கிறேன். அங்கிள் கதைக்காமல் இருப்பது பிழை. அவரிடமே சொன்னேன், தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு கேட்காத மாதிரி இருந்தார். பதினெட்டு வயதில் அவனிடம் 'உனக்கு என்ன விருப்பம்' என்று ஒரு தரம்கூடக் கேட்காதது அதைவிடப் பிழை. லைசென்ஸ் எல்லாவற்றையும் காக்கும் என்பதும் முழு உண்மை இல்லை. உள்ளே போவதற்கு அது உதவும், மேலே ஏறுவதற்குத் திரும்பவும் யாரோ ஒருவருக்குப் பிடித்திருக்க வேண்டும். ஒன்பது வருஷம் மாத்திரை எண்ணி, மனேச்சராகிற நேரம் வந்த போதெல்லாம் அவனைத் தாண்டிப் போனார்களே, அது அங்கிளுக்குத் தெரியாது. அவன் சொல்லவில்லை. அப்பாவிடம் சொல்லு என்று நீயாவது அவனிடம் சொல்.

நான் என்ன திறமா என்று நீ கேட்பாய். கேட்க முன்னம் நானே ஒப்புக்கொள்கிறேன். உன்னைக் கணக்காளர் ஆக்கினது நான்தான். எங்கள் ஊரில் 1971 இல், பல்கலைக்கழகம் போகத் தமிழ்ப் பிள்ளைகளிடம் கூடுதல் புள்ளி கேட்கிற தரப்படுத்தல் வந்து, நல்ல புள்ளி எடுத்த என் அண்ணன் எஞ்சினியரிங் போக முடியாமல் திண்ணையில் இருந்ததைப் பார்த்தவள் நான். அவருக்கு மூடின கதவை உனக்குத் திறக்க வேணும் என்று நினைத்தேன். நீ நடனம் என்று கேட்டது ஞாபகம் இருக்கு. 'சனிக்கிழமையில ஆடு' என்றேன். அதைப் பற்றி இன்னொரு கடிதம் எழுத வேண்டும், இன்றைக்குத் துணிவில்லை.

போன வெள்ளிக்கிழமை அன்ரி வந்தார். அவர்களுடைய புத்தாண்டு வருகிறதே, தோடம்பழம் கொண்டு வந்தார். அவனைப் பற்றிக் கேட்கவே இல்லை. அந்தக் குசினி எவ்வளவு சூடு, நிலம் வழுக்குமா, நிற்கிறதுக்கு நல்ல சப்பாத்து வைத்திருக்கிறானா என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? தெரிந்த மாதிரிப் பதில் சொன்னேன். போகும்போது வாசலில் நின்று ஒரு சிவப்பு உறையைத் தந்தார். புத்தாண்டுக் காசாக்கும் என்று வாங்கினேன், கனமாக இருந்தது.

"இந்த வருஷத்து லைசென்ஸ் காசு. அவன் சமைக்கட்டும். ஆனால் புதுப்பிக்காமல் விட வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. அவரிட்ட சொல்லிப்போடாதேங்கோ."

'அவரிட்ட' என்றது அங்கிளை. அன்று பின்னேரம் அங்கிள் போன் எடுத்தார். வானிலை கதைத்தார், என் முழங்கால் வலி விசாரித்தார். வைக்கிற நேரத்தில், மருந்தாளர் லைசென்சை இரண்டு மூன்று வருஷம் விட்டால் திரும்ப எடுக்கக் கஷ்டமோ, உங்கட மகளுக்குத் தெரிந்திருக்குமோ என்றார். நான் அன்ரியைப் பற்றி மூச்சுக் காட்டவில்லை.

உறை குசினி லாச்சிக்குள் இருக்கிறது. நான் எண்ணிப் பார்க்கவில்லை. தபாலில் போடப் பயமாக இருக்கு. அவனுக்கு லீவு கிடைத்தால் இரண்டு பேரும் வந்து வாங்கிக்கொண்டு போங்கோ. வராவிட்டால் அவனுடைய சப்பாத்து அளவையாவது எழுதி அனுப்பு, அன்ரி திரும்பக் கேட்பார்.

அன்புடன்,
அம்மா