பூங்காச் சுவரில் மொசைக் பதிக்கும் முன்: உள்ளாட்சிப் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பூங்காப் பிரிவுப் பொறியாளர்களே, வார்டு உறுப்பினர்களே,

விளையாட்டுத் திடலின் காம்பவுண்டு சுவரில் பெயின்ட் ஓவியம் இரண்டு மழைக்காலம் தாங்கினாலே பெரிது. அதனால் உடைந்த டைல்ஸ் கொண்டு மொசைக் படம் பதிக்கலாம் என்று நீங்கள் யோசித்தால், எங்களுக்கு மகிழ்ச்சிதான். மொசைக் என்றதும் மெஷின் போட்டுத் தேய்த்த பழைய தரையை நினைக்க வேண்டாம். மொட்டைமாடியில் டைல்ஸ் துண்டுகளைப் பதிக்கிறோமே, அந்த வகை. இங்கே சுவரில், படமாக.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். எஸ்டிமேட்டில் "மொசைக் ஓவியம், சதுர அடிக்கு இவ்வளவு" என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். சுவரை வைத்துத்தான் சித்திரம் என்பது எல்லோருக்கும் தெரியும். எஸ்டிமேட்டில் மட்டும் சுவருக்கு இடமே இருப்பதில்லை.

முதலில் சுத்தியல் பிடியால் சுவரை அடிக்கு அடி தட்டிப் பாருங்கள். பொத்தென்று கேட்கிற இடத்தில் பூச்சு செங்கல்லை விட்டு எழும்பியிருக்கிறது; அதைக் கொத்தி எடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டும். பெயின்ட், பட்டி, சுண்ணாம்பு எதன் மேலும் டைல்ஸ் ஒட்டக் கூடாது. பசை பெயின்ட்டை நன்றாகத்தான் பிடிக்கும். பெயின்ட்தான் சுவரை விட்டுவிடும். ஒரு பங்கு சிமெண்டுக்கு நாலு பங்கு மணல் என்ற 1:4 கலவையில் புதிதாகப் பூசினால் 28 நாள் விட வேண்டும். ஆகஸ்ட் 15 அன்று திறப்பு விழா என்று தேதி குறித்துவிட்டு ஜூலைக் கடைசியில் பூசுவது வீண் செலவு.

அடுத்தது சுவரின் தலை. மொசைக் உதிர்வதற்கு முன்பக்கம் அடிக்கிற மழையைவிட, மேல் விளிம்பில் இறங்கித் துண்டுகளுக்குப் பின்னால் தேங்குகிற தண்ணீர்தான் பெரிய காரணம். அதனால் இரண்டு பக்கமும் 2 அங்குலம் நீட்டிய கோப்பிங், அதாவது சுவர் தலையை மூடும் மேல்பட்டை, வேண்டும். நீட்டிய பகுதியின் அடியில் தண்ணீர் சொட்டி விழ நீளவாட்டில் ஒரு பள்ளக்கோடு வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் மண் குவிந்திருந்தாலோ, சாக்கடை ஓடினாலோ சுவரில் நேரடியாகப் பதிக்காதீர்கள். உப்பு பூத்துத் தள்ளிவிடும். அங்கே 12 மி.மீ. சிமெண்ட் ஃபைபர் போர்டில் 2க்கு 3 அடிப் பலகைகளாகப் பதித்து, சுவரிலிருந்து 1 அங்குல இடைவெளி விட்டு, துருப்பிடிக்காத எஃகுத் திருகாணியால் மாட்டலாம். பலகை ஒன்று ஏறத்தாழ 25 கிலோ வரும். இரண்டு பேர் தூக்கலாம்.

பிள்ளைகளும் தெருக்காரர்களும் கைவைக்க வேண்டுமென்றால் வலை முறைதான் சரி: துண்டுகளை முதலில் வலையில் ஒட்டி, பிறகு வலையோடு சுவரில் பதிப்பது. மே விடுமுறையில் ஒரு கூடத்தில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து துண்டுகளை அடுக்கலாம். பொங்கல் முடிந்து வெயில் ஏறும் முன் சுவரில் ஏற்றலாம். முழு அளவில் வரைந்த படத்தின் மேல் பிளாஸ்டிக் தாள், அதன் மேல் ஃபைபர் வலை, வலையில் துண்டுகள். சாதாரண வெள்ளைப் பசை ஈரம் பட்டால் மறுபடி இளகும். தண்ணீர் தாங்கும் மரப்பசையைக் கேட்டு வாங்குங்கள். துண்டுக்கு ஒரு பொட்டுப் பசை போதும். பிள்ளைகள் கொட்டிவிடுவார்கள், அது வலைக் கண்களை அடைத்துவிட்டால், சுவரில் தடவிய கலவை டைல்ஸைத் தொடவே முடியாது. வலையைப் பகுதி பகுதியாக வெட்டும்போது சதுரமாக வெட்டாமல் மீனின் முதுகு, இலையின் ஓரம் என்று படத்தின் கோட்டிலேயே வெட்டினால் தையல் தெரியாது.

10க்கு 6 அடிப் படத்துக்கு, சேதாரம் போக, 60 சதுர அடி டைல்ஸ் வேண்டும். கட்டடம் நடக்கும் இடங்களிலும் டைல்ஸ் கடைகளிலும் உடைசலாகவே கிடைக்கும். சண்டிகரில் நேக் சந்த் எழுப்பிய பாறைத் தோட்டத்துச் சிலைகள் உடைந்த வளையலிலும் பீங்கானிலும் ஆனவைதானே! துண்டு ஒன்றேகால் அங்குலம் என்றால் மொத்தம் ஐயாயிரத்துக்கு மேல் வரும். 20 கிலோ டைல்ஸ் பசை 2 மூட்டை, துண்டுகளின் இடைவெளியை அடைக்கும் கிரவுட் 12 கிலோ. விட்ரிஃபைடு டைல்ஸ் தண்ணீரை உறிஞ்சாது, அதனால் வெறும் சிமெண்ட் பாலில் ஒட்டாது. பாலிமர் கலந்த, வெளிச்சுவருக்கான பசை என்று டெண்டரிலேயே எழுதுங்கள்.

வெட்டுவது பெரியவர்கள் வேலை. கண்ணாடியும் முகக்கவசமும் போட்டு, தண்ணீர் விட்டு வெட்ட வேண்டும், தூசி நுரையீரலுக்கு ஆகாது. பிள்ளைகள் கைக்குப் போகும் துண்டுகளின் ஓரத்தைச் சாணைக்கல்லில் தேயுங்கள். முகம்பார்க்கும் கண்ணாடித் துண்டு வேண்டவே வேண்டாம்.

சுவரில் ஏற்றும் நாளில்தான் அவசரம் கெடுக்கும். ஒரு பகுதிக்கு மட்டும் விளிம்பில் 6 மி.மீ. பல் வெட்டிய கரண்டியால் பசையை இழுங்கள். தடவிய பசை 20 நிமிடம் ஒட்டும் பதத்தில் இருக்கும் என்று பாக்கெட்டில் போட்டிருந்தாலும் மேற்கு வெயில் படும் சுவரில் அதில் பாதிகூட நிற்காது. விரலால் தொட்டால் விரலில் ஒட்ட வேண்டும். தோல் கட்டியிருந்தால் சுரண்டி எறியுங்கள், தண்ணீர் தெளித்து இளக்காதீர்கள். வலையை மேலிருந்து கீழாக வைத்து, மரக்கட்டையை மேலே பிடித்து ரப்பர் சுத்தியலால் தட்டுங்கள். முதல் பகுதியை உடனே உரித்து முதுகைப் பாருங்கள்; பசை படாத டைல்ஸ் தெரிந்தால் இன்னும் கொஞ்சம் கனமாகத் தடவ வேண்டும். வெயிலில் சுவர் விரிய இடம் கொடுத்து விட்ட விரிவு இணைப்பு இருந்தால் அதைத் தாண்டி ஒரு துண்டும் போகக் கூடாது, படமும் அங்கே பிரிய வேண்டும். தரையிலிருந்து முக்கால் அடி விட்டுத் தொடங்குங்கள், மண் தெறிக்கும். ஸ்டம்ப் நடும் இடத்துக்குப் பின்னால் பதிக்கவே கூடாது.

மறுநாள் கிரவுட். கலக்க உப்புத் தண்ணீர் போர்வெல்லைத் தொடாதீர்கள், இணைப்பெல்லாம் வெள்ளை பூக்கும். நிறம் கரும்சாம்பல், வெள்ளை கிரவுட் நிறங்களை வெளிற வைத்துவிடும், ஒரு மாதத்தில் அழுக்கும் ஏறும். ஈர ஸ்பாஞ்சால் துடைத்தாலே போதும். பளிச்சென்று காட்ட ஆசிட் ஊற்றிக் கழுவும் பழக்கம் உண்டு. அது கிரவுட்டை அரித்துவிடும். இதற்கு டெண்டரில் தடை போடுங்கள்.

கடைசியாக, ஒவ்வொரு நிறத்திலும் 2 கிலோ துண்டு, ஒரு பாக்கெட் கிரவுட், பகுதி எண் போட்ட வரைபடம், இவற்றை ஒரு வாளியில் போட்டுக் காவலாளி அறையில் வையுங்கள். ஒரு துண்டு உதிர்ந்தால் அந்த வாரமே அடைத்துவிட வேண்டும். அந்த ஓட்டை வழியாகத்தான் தண்ணீர் பக்கத்துத் துண்டுக்குப் பின்னால் போகும்.

இப்படிக்கு,
டைல்ஸ் கொத்தனார்களும் மொசைக் பதிப்பவர்களும்