கோரிக்கை மனு: காவல் நிலையக் கேமராப் பதிவு அழியும் முன் எடுத்து வைக்கக் கோருதல்

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

பொருள்: காவல் நிலையத்தில் என் தம்பி இறந்தது தொடர்பான கேமராப் பதிவுகளைப் பாதுகாக்கவும், பிரேதப் பரிசோதனை அறிக்கை நகல் வழங்கவும் வேண்டுதல்.

பார்வை: மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஏற்கெனவே கொடுத்த மனுக்கள்.

மதிப்பிற்குரிய அய்யா,

வணக்கம். எங்கள் ஊர் தாங்கள் அறியாத ஊர் இல்லை. கண்மாய்க் கரை உடைந்தபோது தாங்களே நேரில் வந்து, காவல் நிலையத்துக்கு எதிரே உள்ள நூலகக் கட்டிடத்தில் உட்கார்ந்து எங்கள் குறைகளைக் கேட்டீர்கள். நிலையத்தின் வாசல் தூணில் இருக்கும் கேமரா அன்று தங்கள் கண்ணில் பட்டிருக்கும். இந்த மனு அந்தக் கேமராவைப் பற்றியதுதான்.

என் தம்பி டைல்ஸ் ஒட்டும் வேலை பார்த்தவன். ஒரு திருட்டு வழக்கில் விசாரிக்க வேண்டும் என்று சாதாரண உடுப்பில் வந்த இரண்டு பேர், பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கூட்டிப்போனார்கள். மறுநாள் அவனை அரசு மருத்துவமனைப் பிணவறையில்தான் பார்த்தோம். வலிப்பு வந்து இறந்தான் என்றார்கள். அவனுக்கு வலிப்பு நோயே கிடையாது.

1. நிலையத்தின் கணக்குப்படி அவனை உள்ளே கொண்டுவந்தது விடிகாலையில். ஆனால் கூட்டிப்போனது முந்தின நாள் இரவு, சாப்பாட்டு நேரத்தில். அம்மாவும் நானும் பின்னாலேயே போனோம். "அப்படி யாரையும் கூட்டிட்டு வரலை, போங்க" என்றார் வாசலில் நின்ற காவலர். நாங்கள் போகவில்லை. அம்மா தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். இருட்டினால் அந்தக் கேமராவைச் சுற்றி மங்கலாகச் சிவப்புப் புள்ளிகள் தெரியும். அன்றும் தெரிந்தன; கேமரா இருட்டில் இயங்கும்போது எரியும் விளக்குகள் அவை. நள்ளிரவுக்கு மேல் உள்ளேயிருந்து "அம்மா" என்று ஒரு சத்தம். என் தம்பியின் குரல். அம்மா எழுந்து கேட்டைப் பிடித்து உலுக்கினார். தூக்குவாளி உருண்டு சாம்பார் எல்லாம் கொட்டியது. அத்தனையும் அந்தக் கேமராவுக்கு முன்னால்தான் நடந்தது. அவன் எத்தனை மணிக்கு உள்ளே போனான், எப்படி நடந்து போனான், வெளியே எப்படிக் கொண்டுவந்தார்கள் என்பதும் அதில் இருக்கும். நாங்கள் பொய் சொல்கிறோமா, நிலையம் பொய் சொல்கிறதா என்பது அதைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

2. பரம்வீர் சிங் சைனி வழக்கில் 2020 டிசம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. எல்லாக் காவல் நிலையங்களிலும் வாசல், லாக்கப், தாழ்வாரம், ஆய்வாளர் அறை எல்லாவற்றிலும் கேமரா வேண்டும், சத்தமும் பதிவாக வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், அதற்கு வசதி இல்லாவிட்டாலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது. எங்களுக்கு ஓராண்டு ஏற்கெனவே தாண்டிவிட்டது. 18 மாதக் கெடுவும் நெருங்குகிறது. அந்தக் கெடு போய்விட்டால் "அழிந்துவிட்டது" என்று ஒரு வரியில் எழுதி முடித்துவிடுவார்கள். அதே தீர்ப்பு மாவட்ட அளவில் ஒரு கண்காணிப்புக் குழுவும் வேண்டும் என்கிறது. மனித உரிமை மீறல் ஏதும் நடந்ததா என்று பதிவுகளைப் போட்டுப் பார்ப்பது அந்தக் குழுவின் வேலை. அந்தக் குழுவில் மாவட்ட ஆட்சியரும் உறுப்பினர். அதாவது தாங்கள், அய்யா.

3. வீணாகப் பயப்படுகிறோம் என்று தாங்கள் நினைக்கலாம். 2020-இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் இறந்தபோது, நிலையத்துக்கே போய் விசாரித்த நீதித்துறை நடுவர், ஹார்ட் டிஸ்கில் இடம் இருந்தும் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி அமைத்து வைத்திருந்ததை உயர் நீதிமன்றத்துக்கு எழுதினார். 2025 ஜூனில் மடப்புரம் கோயில் காவலாளி போலீஸ் விசாரணையில் இறந்தபோதும் காவல்துறை முதலில் சொன்னது வலிப்புதான். யாரோ ஒரு புண்ணியவான் ஒளிந்திருந்து, போலீஸ் அடிப்பதைச் செல்போனில் எடுத்த காணொளியால்தான் ஊருக்கு உண்மை தெரிந்தது. என் தம்பிக்கு அப்படி எடுக்க ஆள் இல்லை. அந்தக் கேமரா ஒன்றுதான் சாட்சி.

4. முந்தைய மனுக்கள் என்ன ஆயின என்று சொல்கிறேன். தங்களிடம் கொடுத்தோம். "தக்க நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது" என்று காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்குப் போனது. அங்கிருந்து துணைக் கண்காணிப்பாளருக்கு. அங்கிருந்து எங்கே போனது தெரியுமா? என் தம்பி செத்த அதே நிலையத்துக்கு! "மனு விசாரணைக்கு வாங்க" என்று அங்கிருந்துதான் எனக்குப் போன் வந்தது. யார் மேல் புகாரோ அவர்களிடமே மனுவைக் கொடுத்து விசாரிக்கச் சொல்வது எந்த ஊர் நியாயம்? அந்த வாசல்படியை அம்மாவால் மறுபடி மிதிக்க முடியுமா? போகவில்லை. அப்புறம் செல்போனுக்கு ஒரு செய்தி வந்தது: தங்கள் மனு முடித்து வைக்கப்பட்டது. என்ன முடிந்தது அய்யா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பதிவைக் கேட்டால், விசாரணை பாதிக்கும் என்று 8(1)(h) பிரிவைக் காட்டி மறுத்தார்கள். சரி, எங்களுக்குத் தர வேண்டாம். அழிக்காமல் வைக்கக்கூடவா கூடாது?

5. அவன் இறந்த நாளிலிருந்து ஊரில் பேச்சு ஓயவில்லை. டீக்கடையில் பேசுகிறார்கள், பஸ்ஸில் பேசுகிறார்கள், செல்போனில் குழு வைத்துப் பேசுகிறார்கள். போலீஸ் அடித்தே கொன்றுவிட்டது என்று பாதிப் பேர். திருடனை அடிக்காமல் கொஞ்சுவார்களா என்று பாதிப் பேர். அம்மா ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது, பின்னால் நிற்கிறவர்கள் காது கேட்கவே பேசுகிறார்கள். அவன் திருடினான் என்று எந்தக் கோர்ட்டும் சொல்லவில்லை. திருடியே இருந்தாலும் 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும், சொந்தக்காரர்களுக்குச் சொல்ல வேண்டும், மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும். கைது செய்யும்போது போலீஸ் என்னென்ன செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்ன டி.கே. பாசு வழக்குத் தீர்ப்பு வந்தது 1996-இல். இதை நான் எத்தனை பேரிடம் சொல்லிக்கொண்டிருப்பேன்? பதிவைப் பூட்டி வைத்திருப்பதால்தான் ஆளுக்கொரு கதை கட்டுகிறார்கள். பணம் வாங்கித் தருகிறேன், விட்டுவிடுங்கள் என்று ஒருவர் வீட்டுக்கே வந்தார். அம்மா அவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

6. பிரேதப் பரிசோதனை அறிக்கை நகல் இன்னும் வரவில்லை. பிணவறையில் முகத்தை மட்டும்தான் காட்டினார்கள். துணியை விலக்கவிடவில்லை. காவலில் இறந்தவர்களின் பரிசோதனையைக் காணொளியாக எடுக்க வேண்டும் என்று தேசிய மனித உரிமை ஆணையம் 1995-லேயே சொல்லிவிட்டது. எடுத்தார்களா என்றுகூட யாரும் சொல்லவில்லை.

நீதித்துறை நடுவர் விசாரணை நடப்பதாகச் சொல்கிறார்கள். நடக்கட்டும், நாங்கள் காத்திருக்கிறோம். அது முடியும்போது பதிவு இருக்க வேண்டுமே அய்யா! இழப்பீடு கேட்கவில்லை, வேலை கேட்கவில்லை. யாரையும் உடனே தண்டிக்கச் சொல்லியும் கேட்கவில்லை. அந்தப் பதிவைக் காப்பாற்றிக் கொடுங்கள்.

இந்த மனுவைத் தயவுசெய்து மறுபடியும் அந்த நிலையத்துக்கு அனுப்பிவிடாதீர்கள். கண்காணிப்புக் குழுவின் உறுப்பினர் என்ற முறையில் தாங்களே குழுவைக் கூட்டி, அந்த இரவும் மறுநாளும் பதிவான ஹார்ட் டிஸ்கை எடுத்து, முத்திரை வைத்து நீதிமன்றத்தில் ஒப்படைக்க ஏற்பாடு செய்யுங்கள். எடுத்ததை எங்களுக்கு எழுத்தில் தெரிவியுங்கள். பதிவு இல்லை என்றால், எந்தத் தேதியில் யார் பொறுப்பில் இருந்தபோது இல்லாமல் போனது என்பதையும் எழுத்தில் தாருங்கள். பரிசோதனை அறிக்கை நகலுக்கும் உத்தரவிடுங்கள். கெடு முடிவதற்குள் செய்யுங்கள் அய்யா, கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

இப்படிக்கு,
இறந்தவரின் அக்கா
(அம்மாவின் கைரேகையும் தெருவாசிகளின் கையொப்பங்களும் பின்பக்கத்தில்)