மிடில் பெர்த்தைத் தூக்குவது யார்? ஐ.சி.எஃப். பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் ரயில் பெட்டிகளை வடிவமைக்கும் பொறியாளர்களுக்கு,

வணக்கம். நான் பெரம்பூரில் பிசியோதெரபி பார்ப்பவள். தோள், இடுப்பு, முழங்கால் இவைதான் என் அன்றாட வேலை. என்னிடம் வருகிறவர்களில் பலர் ரயில்வே குடும்பத்தினர். உங்கள் தொழிற்சாலையில் வெல்டிங் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், லோகோ ஒர்க்ஸ், கேரேஜ் ஒர்க்ஸ் ஆட்கள், அவர்களுடைய மனைவிமார். சிகிச்சை முடியும் தறுவாயில் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "ரயில்ல ஊருக்குப் போலாமாம்மா?" நான் திருப்பிக் கேட்பதும் ஒரே கேள்விதான்: "எந்த பெர்த்?"

லோயர் என்றால் போய் வாருங்கள் என்று சொல்லிவிடுவேன். மிடில் என்றால் யோசிப்பேன். பகலில் முதுகு சாயும் பலகையாகத் தொங்கி, இரவில் படுக்கையாக மேலே போகிற அந்த மிடில் பெர்த்தைப் பற்றித்தான் இந்த மடல். தோள் சரியில்லாத அறுபது வயதுப் பெண் ஒருவர் அதைத் தனியாகத் தூக்கி, பூட்டிவிட்டோம் என்று நிச்சயமாகத் தெரிந்துகொண்டு, நிம்மதியாகப் படுக்க முடிய வேண்டும். அதற்கு ஏற்றபடி அதை மாற்றிக் கொடுங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

இதை ஏன் உங்களுக்கு எழுதுகிறேன் என்றால், இந்த ஊரில் இருந்துகொண்டு வேறு யாருக்கு எழுதுவது? 1955 அக்டோபர் 2-ம் தேதி நேரு திறந்துவைத்த தொழிற்சாலை உங்களுடையது. சுவிட்சர்லாந்து நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு தொடங்கி, நாடு முழுக்க ஓடிய நீலப் பெட்டிகளை இங்கேதான் கட்டினீர்கள். பெட்டி பிறப்பது ஐ.சி.எஃப்.பில். அதற்குப் பெரிய பராமரிப்பு நடப்பது கேரேஜ் ஒர்க்ஸில். ஓடி முடித்து வந்த பெட்டியைக் கழுவி, சோதித்து, மறுபடி அனுப்புவது பேசின் பிரிட்ஜ் யார்டில். மூன்றும் வடசென்னையில் ஓர் ஆட்டோ தூரத்துக்குள் இருக்கின்றன. லக்னோவில் உள்ள ரயில்வேயின் ஆராய்ச்சி அமைப்பான ஆர்.டி.எஸ்.ஓ. தரத்தை நிர்ணயிக்கிறது, டெல்லியில் உள்ள ரயில்வே வாரியம் ஒப்புதல் தருகிறது என்பதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் 2018-ல் டிரெயின் 18 என்ற பெயரில் முதல் வந்தே பாரத் ரயிலை உருவாக்கிக் காட்டியது நீங்கள்தான். ஒரு முழு ரயிலையே புதிதாக யோசிக்க முடிந்தவர்களால் ஒரு பெர்த்தைப் புதிதாக யோசிக்க முடியாதா?

இருக்கையே படுக்கையாக மாறுவது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. நம் ஊருக்கு அது மிகவும் பொருத்தமான ஏற்பாடு. ஹவுராவுக்கோ டெல்லிக்கோ போகிறவர் ஒரு பகல் முழுக்க அதே பெட்டிக்குள்தான் இருக்க வேண்டும். மூன்று அடுக்குப் படுக்கையை நிரந்தரமாகப் பொருத்திவிட்டால் யாராலும் நிமிர்ந்து உட்கார முடியாது. ஆறு பேர் எதிரெதிரே உட்கார்ந்து, புளிசாதத்தைப் பிரித்துச் சாப்பிட்டு, குழந்தையை ஜன்னலோரம் உட்கார வைக்கும் இடம் அது. இரவில் அதே ஆறு பேருக்கும் முதுகை நீட்ட இடம் கிடைக்கிறது. 1917-ல் காந்தி பம்பாயிலிருந்து சென்னைக்கு மூன்றாம் வகுப்பில் வந்தபோது அந்த இடம் இல்லை. 22 பேருக்கு என்று எழுதியிருந்த பெட்டியில், பத்திரமாகப் படுக்க ஒரு பலகைகூட இல்லாமல் இரண்டு இரவுகளைக் கழிக்க வேண்டியிருந்ததைப் பத்திரிகைகளுக்கு எழுதிக் கண்டித்தார். அந்த நிலையிலிருந்து இன்று ஒரே பெட்டியில் 80 பேர் படுக்கிறார்கள் என்பது பெரிய காரியம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

என் கவலை, அந்த மாற்றத்தைச் செய்யும் கைகளைப் பற்றியது.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் நம் ராயபுரத்திலிருந்து வாலாஜாவுக்குக் கிளம்பியது. அதே ஆண்டு டிசம்பரில்தான் அமெரிக்காவில் தியோடர் உட்ரஃப் என்பவர், பகல் இருக்கையை இரவுப் படுக்கையாக மாற்றும் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். அடுத்த பத்தாண்டில் ஜார்ஜ் புல்மேன் அந்த யோசனையைப் பெரிய வியாபாரமாக்கினார். எதிரெதிர் இருக்கைகளை இழுத்துச் சேர்த்தால் கீழ்ப் படுக்கை. கூரையோடு ஒட்டி மடங்கியிருப்பதை இறக்கினால் மேல் படுக்கை. ஆனால் புல்மேன் பெட்டியில் எந்தப் பயணியும் எதையும் இழுக்கவோ இறக்கவோ வேண்டியதில்லை. அதற்கென்று போர்ட்டர் இருந்தார். இரவில் படுக்கை போடுவதும் காலையில் அதை மறுபடி இருக்கையாக்குவதும் அவர் வேலை. பெரும்பாலும் கறுப்பினத் தொழிலாளர்கள். அவர்கள் பட்ட பாடு தனியாக எழுத வேண்டிய வரலாறு. 1925-ல் சொந்தமாகச் சங்கம் அமைத்தார்கள். நம் பெரம்பூரில் 1918-லேயே சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கிவிட்டது என்பதை இந்த இடத்தில் பெருமையோடு நினைத்துக்கொள்கிறேன்.

ஆக, மடக்கி விரிக்கும் படுக்கை உருவானபோது அதை இயக்கப் பழகிய ஓர் ஆளும் கூடவே இருந்தார். நம் ஸ்லீப்பர் வகுப்பில் அந்த ஆள் கிடையாது. அவருடைய வேலை மட்டும் அப்படியே இருக்கிறது. அது பயணியின் தலையில் விழுந்திருக்கிறது, அதுவும் பல நேரம் அந்தப் பெட்டியிலேயே பலம் குறைந்தவரின் தலையில்.

அந்த வேலை என்ன என்பதை ஒரு பிசியோதெரபிஸ்டின் கண்ணால் பாருங்கள். தொங்கும் பலகையின் கீழ் விளிம்பைப் பிடித்து, தோள் உயரத்துக்கும் மேலே தூக்க வேண்டும். தூக்கியதை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, இன்னொரு கையால் மேல் பெர்த்திலிருந்து தொங்கும் சங்கிலியைத் தேடி, கொக்கியை மாட்ட வேண்டும். பிறகு மறுபக்கச் சங்கிலி. இரண்டு கையும் போதாமல் தலையால் முட்டுக்கொடுத்து நிற்பவர்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஓடும் ரயில் ஆடிக்கொண்டிருக்கும்போது இதையெல்லாம் செய்ய வேண்டும். காலுக்கடியில் பெட்டிகள், செருப்புகள், தூங்கிவிட்ட ஒரு குழந்தை.

தோள் இறுக்கம் உள்ளவர்களுக்குக் கை காது வரைக்கும் போகாது. நாற்பதிலிருந்து அறுபது வயதுக்குள் இது அதிகம் வருகிறது, ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகமாக. சர்க்கரை நோய் இருந்தால் இன்னும் அதிகம். ஜாக்கெட் கொக்கி மாட்டவும் தலை பின்னவும் கஷ்டப்படுகிறவர்கள் இவர்கள். தோளில் தசைநாண் தேய்ந்தவருக்குக் கை மேலே போகும், ஆனால் கனத்தோடு அங்கேயே நிற்காது. பாதி வழியில் வலி வெட்டி இழுக்கும். அந்த நொடியில் பலகை கையை விட்டு நழுவினால் கீழே உட்கார்ந்திருப்பவரின் நிலை என்ன? இதற்குப் பயந்தே இரவு முழுக்க ஒரு மூலையில் உட்கார்ந்து வந்ததாகச் சொல்லும் அம்மாக்கள் இருக்கிறார்கள். யாரையாவது கூப்பிட்டால் தூக்கிக் கொடுத்திருப்பார்களே என்று கேட்டால், "ராத்திரில முன்னப்பின்ன தெரியாத ஆம்பளைங்கள எப்படிம்மா எழுப்பறது" என்பார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அடுத்து பூட்டு. எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது இதுதான்.

2024 ஜூன் மாதம் தெலங்கானா வழியாகப் போய்க்கொண்டிருந்த ரயிலில், கீழ்ப் படுக்கையில் இருந்த கேரளத்துப் பயணி ஒருவர் மேலே இருந்த படுக்கை விழுந்து கழுத்தில் அடிபட்டு இறந்துபோனார். படுக்கை பழுதாக இல்லை, சங்கிலி சரியாக மாட்டப்படவில்லை என்று ரயில்வே விளக்கம் கொடுத்தது. சரி, அப்படியே இருக்கட்டும். ஆனால் சரியாக மாட்டாமலேயே மாட்டியதுபோலத் தோன்றும் ஒரு கொக்கி இருக்கலாமா? மாட்டுகிறவர் ஒருவர், அடிபடுகிறவர் வேறொருவர். கீழே படுத்திருப்பவர் அண்ணாந்து பார்த்தால் அவருக்குத் தெரிவது பலகையின் அடிப்பக்கம் மட்டும்தான். தன் தலைக்கு மேல் ஓர் ஆளின் கனத்தைத் தாங்கும் கொக்கி உட்கார்ந்திருக்கிறதா இல்லையா என்று பார்க்க அவருக்கு வழியே இல்லை.

அதனால் நான் கேட்பது இதுதான். தூக்கும்போது பாதிக் கனத்தைப் பலகையே தாங்கிக்கொள்ளட்டும். கார் டிக்கியைக் கொஞ்சம் தூக்கிவிட்டால் கேஸ் ஸ்பிரிங் மீதியைப் பார்த்துக்கொள்கிறது. ஸ்லீப்பர் பெட்டியில் அது தாங்காது, கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள் என்றால், கீலுக்குள்ளேயே மறைந்திருக்கும் முறுக்கு ஸ்பிரிங் ஒன்றை வைக்க முடியுமா என்று பாருங்கள். நான் பொறியாளர் இல்லை, வழியை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். மேலே போனதும் பலகை தானாகவே 'க்ளிக்' என்று பூட்டிக்கொள்ளட்டும். சங்கிலி அதற்கு மேல் இரண்டாவது காவலாக இருக்கட்டும். பூட்டு முழுதாக விழுந்தால் மட்டும் பச்சைப் புள்ளி தெரிய வேண்டும், இல்லாவிட்டால் சிவப்பு. அந்தப் புள்ளி கீழே படுப்பவரின் கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும். பேசின் பிரிட்ஜ் யார்டில் பெட்டியைச் சோதிக்கும் தொழிலாளிக்கும் அது உதவும்; ஒவ்வொரு கொக்கியையும் இழுத்துப் பார்க்க அவருக்கு எங்கே நேரம்?

செலவு என்பீர்கள். மது தண்டவதே 1977 முதல் 1979 வரை ரயில்வே அமைச்சராக இருந்தபோது, சாதாரண வகுப்பின் வெறும் மரப்பலகையில் இரண்டு அங்குல ஃபோம் போடச் செய்தார். அன்று அதுவும் செலவுதான். இன்று அந்த மெத்தை இல்லாத ஸ்லீப்பர் பெட்டியை நம்மால் நினைத்துப் பார்க்க முடிகிறதா? 2021-ல் பஞ்சாபில் உள்ள கபூர்தலா ரயில் பெட்டித் தொழிற்சாலை, 72 படுக்கைகள் இருந்த மூன்றடுக்கு ஏ.சி. பெட்டியில் 83 படுக்கைகளை அடக்கிக் காட்டியது. எண்ணிக்கையைக் கூட்ட அவ்வளவு மூளையைச் செலவழிக்க முடிகிறபோது, ஒரு பூட்டுக்காகவும் கொஞ்சம் செலவழிக்கலாம்.

சைடு லோயர் பற்றியும் இரண்டு வார்த்தை. இரண்டு இருக்கைகளின் முதுகை மடக்கிச் சேர்த்துப் படுக்கையாக்கினால் நடுவில் ஓர் இடைவெளி விழும், இரண்டு பாதியும் ஒரே மட்டத்தில் இருக்காது. இடுப்பு வலிக்காரர்களுக்கு அது நேராக இடுப்புக்குக் கீழேதான் வரும். ஜன்னல் பக்கத்திலிருந்து இழுத்து மேலே விரிக்கும் ஒரே பலகையை 2020-ல் ரயில்வேயே அறிமுகப்படுத்தியது. அருமையான மாற்றம், மனதாரப் பாராட்டுகிறேன். பழைய பெட்டிகள் பராமரிப்புக்குக் கேரேஜ் ஒர்க்ஸ் வரும்போது அவற்றிலும் அந்தப் பலகையைப் பொருத்தச் சொல்லி நீங்கள் பரிந்துரைக்க வேண்டும்.

வயதானவர்களுக்குத்தான் லோயர் ஒதுக்கீடு இருக்கிறதே என்று யாராவது சொல்லலாம். ஸ்லீப்பர் பெட்டிக்கு ஆறேழு லோயர் பெர்த்துகள் அந்த ஒதுக்கீட்டில் உண்டு. அறுபது வயதைத் தாண்டிய ஆண்கள், நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண்கள், கர்ப்பிணிகள் எல்லோருக்கும் சேர்த்து அவ்வளவுதான். 80 படுக்கை உள்ள பெட்டியில் மிடில் மட்டும் 20. யாரோ ஒரு முழங்கால்காரர் அங்கே போய்த்தான் ஆக வேண்டும். இரவு பத்து மணி முதல் காலை ஆறு வரைதான் மிடிலை விரிக்கலாம் என்ற விதியும் நல்ல விதிதான், ஆனால் எட்டு மணிக்கே முதுகு வலிப்பவருக்கும் பத்து வரை உட்கார விரும்புகிறவருக்கும் நடுவே டி.டி.ஆர். வந்து பஞ்சாயத்து செய்ய வேண்டியிருக்கிறது. உடம்பு முடியாதவர்களுக்கு மற்றவர்கள் ஒத்துழைக்க வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. பெரும்பாலும் ஒத்துழைக்கவும் செய்கிறார்கள். அந்த நல்ல மனதை மட்டும் நம்பி ஒரு பெட்டியை வடிவமைக்கக் கூடாது என்பதுதான் என் வாதம்.

வந்தே பாரத் ஸ்லீப்பரின் மாதிரி ரயிலை 2024-ல் காட்டியபோது, மேல் படுக்கைக்கு ஏறும் ஏணியைப் புதிதாக வடிவமைத்திருப்பதாகச் சொன்னார்கள். ஏறுகிறவரின் காலைப் பற்றி யோசிக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்பதே எனக்குப் பெரிய நம்பிக்கை. அந்த யோசனை ஏ.சி. ரயிலோடு நின்றுவிடாமல், நீங்கள் கட்டும் அம்ரித் பாரத் ரயிலின் சாதாரண ஸ்லீப்பருக்கும் வர வேண்டும். இந்த மிடில் பெர்த்தை அதிகம் தூக்குகிறவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அடுத்த முறை புதிய பெர்த்துக்கு மாதிரி செய்யும்போது, அதைத் தூக்கிப் பார்க்க எங்களைக் கூப்பிடுங்கள். அயனாவரம், வில்லிவாக்கம், வியாசர்பாடி, அகரம் என்று பக்கத்துத் தெருக்களிலிருந்தே வருவார்கள். தோள் இறுகியவர், முழங்கால் மாற்றியவர், புடவை கட்டிக்கொண்டு ஏணி ஏற வேண்டியவர், ஏழு மாதக் கர்ப்பிணிக்குத் துணைபோகும் மாமியார். கர்ப்பிணியைத் தூக்கச் சொல்ல வேண்டாம், கீழே உட்கார்ந்து அந்தப் பச்சைப் புள்ளி தெரிகிறதா என்று மட்டும் சொல்லட்டும். யாருடைய தோள் எவ்வளவு உயரும், எவ்வளவு கனம் தாங்கும் என்று அளந்து எழுதித் தர நான் தயார். அதற்குக் காசு எதுவும் வேண்டாம். எந்த வாசலில் பாஸ் வாங்க வேண்டும், எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். காலை பத்தரைக்கு மேல் என்றால் எல்லோருக்கும் வசதி, மாத்திரை போட்டுச் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவார்கள்.

அன்புடன்,
பெரம்பூரிலிருந்து ஒரு பிசியோதெரபிஸ்ட்