குழாயை விட்டு ஊசி போன பிறகு: பைப் துப்பாக்கி வீடியோ போடும் தம்பிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளுக்கு,

வணக்கம். பிவிசி குழாயும் சைக்கிள் பம்ப்பும் வைத்து ஊசித் துப்பாக்கி செய்து, அதைக் கண்மாய்க்கரைக்குக் கொண்டுபோய்ப் புறாவையும் கொக்கையும் அடித்துக் காட்டுகிறீர்களே, உங்களுக்குத்தான் இந்த மடல். நான் கால்நடை மருத்துவர். சிவகங்கை மாவட்டத்தில் திருப்பத்தூர் பக்கம் இருபது வருஷத்துக்கு மேலாக ஆடு மாடு பார்க்கிறேன். உங்கள் வீடியோக்களில் ஏழெட்டை உட்கார்ந்து கடைசிவரை பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

போன ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, மருந்தகத்தைப் பூட்டப்போகும் நேரம். எட்டாவது படிக்கும் பையன் ஒருவன் மஞ்சள் பையோடு வாசலில் நின்றான். பைக்குள் ஒரு மடையான். எங்கள் ஊரில் குருட்டுக்கொக்கு என்போம். கரையில் மண்ணோடு மண்ணாக உட்கார்ந்திருக்கும். கிட்டே போனால்தான் வெள்ளை இறக்கையை விரித்து எழும்பும். அது அன்றைக்கு எழும்பவில்லை. மஞ்சள் கண் மட்டும் திறந்திருந்தது. கொக்கு வகை மனுஷன் கண்ணைப் பார்த்துக் கொத்தும் என்பதால் முதலில் தலையில் துணியைச் சுற்றினேன். "கரையில கெடந்துச்சு டாக்டரம்மா" என்றான் பையன். தொடைக்கு மேலே இறகை விலக்கினால், வயிற்றுக்குள் பாதி இறங்கிய ஊசி. அதன் வாலில் காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி, டேப் ஒட்டியிருந்தது. கோடு போட்ட கணக்கு நோட்டுக் காகிதம். "விடை = 24" என்று பென்சிலில் எழுதியிருந்தது அப்படியே தெரிந்தது.

அந்தக் கையெழுத்து யாருடையது என்று நான் கேட்கவில்லை. அவனே அழ ஆரம்பித்துவிட்டான். அடித்தது வியாழக்கிழமை. ஊசியோடு பறந்துபோய்விட்டது. இரண்டு நாள் தேடி, கருவேலங்காட்டு ஓரத்தில் கண்டுபிடித்திருக்கிறான். புண்ணில் அதற்குள் புழு வைத்திருந்தது. விரலால் தொட்டால் கழுத்துப் பக்கம் தோல் பலூன் மாதிரி உப்பி, உள்ளே காற்று நெறுநெறுத்தது. ஊசியை எடுத்து, புண்ணைக் கழுவி, உப்பின இடத்தில் காற்றை வடித்து, என்னால் ஆனதைச் செய்தேன். திங்கட்கிழமை விடியற்காலை செத்துப்போயிற்று.

எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன். செல்லை எடுத்துக் காட்டினான். உங்களில் ஒருவருடைய வீடியோதான்.

தம்பிகளே, உங்கள் வீடியோக்களில் நான் கவனித்தது ஒன்று. ஊசி குழாயை விட்டுப் போவதைத் திரும்பத் திரும்ப, மெதுவாக ஓட்டிக் காட்டுகிறீர்கள். சரியாகப் பட்டு விழுந்த பறவையைக் காட்டுகிறீர்கள். பட்டும் விழாமல் பறந்துபோனவை எத்தனை? அந்த இடத்தில் வீடியோ வெட்டப்பட்டிருக்கிறது. என் மேஜைக்கு வருவது நீங்கள் வெட்டிப்போட்ட அந்தப் பகுதிதான்.

ஊசியால் ஏன் சட்டென்று சாகாது என்று சொல்கிறேன். வேட்டைக்கான வில்லம்பின் முனை இலை போல அகலமாக இருக்கும். ரத்தக்குழாயை அறுத்து, ரத்தம் வடிந்து விலங்கு சீக்கிரம் விழவேண்டும் என்றே அப்படிச் செய்தார்கள். தோட்டா சதையைக் கிழித்து எலும்பை நொறுக்கும். ஊசி இரண்டையும் செய்யாது. அது போன வழியைச் சதை உடனே மூடிக்கொள்ளும். வெளியே ஒரு சொட்டு ரத்தம் இருக்காது, உள்ளே குடல் ஓட்டையாகியிருக்கும். பறவைக்கு நுரையீரல் மட்டும் இல்லை. கழுத்திலிருந்து வயிறு வரை பெரும்பாலான பறவைகளுக்கு ஒன்பது காற்றுப்பைகள் உண்டு. உடம்பில் எங்கே குத்தினாலும் அதில் ஒன்றில் படத்தான் வாய்ப்பு அதிகம். பட்டால் மூச்சு விடும் காற்று தோலுக்கடியில் கசிந்து, அந்த மடையானுக்கு உப்பியது போல உப்பும். அப்படியே இரண்டு நாள், மூன்று நாள் உயிரோடு கிடக்கும்.

புறாவில் இன்னொரு கொடுமை. புள்ளிப்புறா இரண்டு முட்டை இடும். குஞ்சு பொரித்த முதல் சில நாளுக்குத் தாயும் தகப்பனும் தங்கள் தொண்டைப்பையில் சுரக்கும் பாலைத்தான் ஊட்டும். ஆண் பெண் இரண்டுக்குமே அது சுரக்கும். வெளியே பார்த்து எது ஆண், எது பெண், எதற்குக் கூட்டில் குஞ்சு இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வருஷத்தில் ஏறக்குறைய எல்லா மாதமும் எங்காவது கூடு வைத்திருக்கும் பறவை அது.

வேட்டை என்றாலே முகம் சுளிக்கிற ஆள் இல்லை நான். என் அப்பா கண்ணி வைத்தவர். காடைக் குழம்பும் கவுதாரி வறுவலும் சாப்பிட்டுத்தான் வளர்ந்தேன். மாசி பங்குனியில் ஊரே பாரிவேட்டைக்குப் போனதைப் பார்த்திருக்கிறேன். "இது நம் மரபு, வளரி வீசிய மண்" என்று உங்கள் வீடியோவுக்கு அடியில் எழுதுகிறார்கள். அதே மரபில் வந்த என் அப்பா, கண்ணியில் மாட்டியது கால் முறிந்து தப்பித்துவிட்டால் பொழுது சாய்ந்தாலும் விடாமல் தேடுவார். கிடைக்காமல் திரும்பிய அன்று சோறு இறங்காது அவருக்கு. முட்டை வைக்கிற காலத்தில் கண்ணியைப் பரணில் ஏற்றிவிடுவார். மரபு என்று சொல்லிக்கொள்பவர்கள் இதையும் சேர்த்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அன்றைக்குக் கண்மாயைச் சுற்றி இருந்த காட்டில் இன்று கால்வாசிகூட இல்லை என்பதையும்.

ஊசித் துப்பாக்கி எனக்கு அந்நியப் பொருளும் இல்லை. காற்றழுத்தத்தில் ஊசி செலுத்தும் துப்பாக்கி எங்கள் தொழிலில் ஒரு கருவி. நியூசிலாந்துக்காரர் காலின் மர்டாக் 1950களில் அதை உருவாக்கியது, ஓட்டிப் பிடிக்க முடியாத விலங்கை உயிரோடு பிடித்துப் பார்ப்பதற்காக. 2023 ஜூனில் தேனி மாவட்டத்தில் அரிக்கொம்பன் என்ற காட்டுயானையைப் பிடித்தது மயக்க ஊசி போட்டுத்தான். அந்த வேலை எப்படி நடக்கும் தெரியுமா? விலங்கின் எடையைக் கணித்து மருந்தை அளப்பார்கள். சதைப்பற்றுள்ள இடமாகப் பார்த்து, அது கிடைக்கும்வரை மணிக்கணக்காகக் காத்திருப்பார்கள். ஊசி பட்ட பிறகு அந்த விலங்கைக் கண்ணிலிருந்து விடமாட்டார்கள். பள்ளத்தில் விழுந்துவிடக் கூடாது, தண்ணீருக்குள் இறங்கிவிடக் கூடாது, மூச்சு தடைபடக் கூடாது. மயக்கத்தைத் தெளியவைக்கும் மருந்து தயாராகக் கையில் இருக்கும். ஊசி போவது ஒரு நொடி. அதற்குப் பிறகுதான் மருத்துவருக்கு வேலையே.

சட்டத்தைப் பற்றியும் உங்கள் பக்கங்களில் தப்புத்தப்பாக எழுதியிருக்கிறது. "20 ஜூலுக்குக் கீழே லைசென்ஸ் வேண்டாம்" என்கிறார்கள். ஜூல் என்பது ஆற்றலை அளக்கும் அலகு. இரண்டு கிராம் ஊசி நொடிக்கு 60 மீட்டர் வேகத்தில் போனால் 3.6 ஜூல்தான், அது சரி. ஆனால் 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளில் இரண்டு வரம்பு உண்டு. ஆற்றல் 20 ஜூலைத் தாண்டினாலும் உரிமம் வேண்டும், குழாயின் துவாரம் 4.5 மில்லிமீட்டரைத் தாண்டினாலும் வேண்டும். அரை அங்குலக் குழாய் எத்தனை மில்லிமீட்டர் என்று ஸ்கேலை வைத்துப் பாருங்கள். 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம் துப்பாக்கி என்பதற்குத் தரும் விளக்கத்தில் வெடிமருந்தோடு "வேறு வகை ஆற்றல்" என்பதும் இருக்கிறது. கையால் செய்தது என்பதால் அது பொம்மை ஆகிவிடாது.

உரிமம் வேண்டாத ஏர்கன்னாகவே இருந்தாலும் அதை வைத்து அடிக்க அனுமதி கிடையாது. புள்ளிப்புறா, காடை, கவுதாரி, மடையான், முயல் எல்லாமே 1972-ம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டையாடக் கூடாதவை. அந்தச் சட்டத்தில் வேட்டை என்றால் கொல்வது மட்டும் இல்லை, கொல்ல முயல்வதும்தான். குறி தப்பினாலும் குற்றம். மூன்று வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உங்கள் முகம், குரல், ஊர், தேதி எல்லாவற்றோடும் சாட்சியத்தை நீங்களே பதிவேற்றி வைத்திருக்கிறீர்கள். மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. உங்களைப் பார்த்துச் செய்யும் பதின்மூன்று வயதுப் பையனும் இதே வழக்கில் நிற்பான் என்பதுதான் என் பயம்.

அவன் கண்ணைப் பற்றியும் பயம்தான். பிவிசி குழாய் தண்ணீருக்காகச் செய்தது. தண்ணீரை அமுக்க முடியாது, ஆகவே குழாய் விரிந்தால் ஒழுகும், அவ்வளவுதான். அமுங்கிய காற்று ஸ்பிரிங் மாதிரி. சின்ன விரிசல் கிடைத்தால் போதும், குழாயைச் சில்லுச்சில்லாகச் சிதறடித்துக்கொண்டு வெளியே வரும். பையன்கள் கடையில் புதுக் குழாய் வாங்குவதில்லை. மொட்டைமாடியில் வெயில் குடித்து வெளுத்துப்போன துண்டைத்தான் எடுக்கிறார்கள். அது முறுக்கு மாதிரி நொறுங்கும். 2025 தீபாவளிக்கு மத்தியப் பிரதேசத்தில் பிவிசி குழாயில் கார்பைடு துப்பாக்கி செய்து போபாலிலும் மற்ற ஊர்களிலுமாக நூறு பேருக்கு மேல் கண்ணில் காயத்தோடு மருத்துவமனைக்குப் போனார்கள், பெரும்பாலும் பிள்ளைகள். அதில் உள்ளே இருந்தது எரிவாயு, உங்களுடையதில் வெறும் காற்று. ஆனால் அந்தப் பிள்ளைகளில் பலரும் வீடியோவைப் பார்த்துக் கற்றவர்கள்தான்.

உங்களிடம் கேட்பதற்கு வருகிறேன். பறவையையும் முயலையும் அடிக்கிற வீடியோக்களை எடுத்துவிடுங்கள். செய்முறை வீடியோக்களையும்தான். அதனால் சந்தாதாரர் குறைவார்கள், வருமானம் குறையும், தெரியும். வால்வு கசியாமல் பொருத்தவும் அழுத்தத்தை அளக்கவும் தெரிந்த கைகள் உங்களுடையவை. ஒரு சின்ன ஊரில் அது சாதாரண விஷயம் இல்லை. குறி பார்ப்பதில்தான் ஆசை என்றால் அதற்கும் வழி உண்டு. 2008-ல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது பத்து மீட்டர் ஏர் ரைபிளில். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-ல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றதும் அதே பிரிவில்தான். அவர்கள் குறி வைக்கும் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர். முப்பதடியில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் புறாவை அடிப்பதை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

விட்டுக்கொடுத்தவர்கள் இல்லாமல் இல்லை. அருணாசலப் பிரதேசத்தில் 2021 மார்ச்சில் லும்தங் என்ற கிராமத்தில் ஏர்கன்களை ஒப்படைக்கும் இயக்கம் தொடங்கியது. வேட்டையே வாழ்க்கையாக இருந்த மலைமக்கள் அவர்கள். ஓராண்டுக்குள் ஆயிரத்து அறுநூறுக்கும் மேல் துப்பாக்கிகளைத் தாங்களாக முன்வந்து கொடுத்தார்கள். அவ்வளவு தூரம் போவானேன், எங்கள் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் பல வருஷமாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. வலசை வந்த பறவை மிரண்டு கூட்டை விட்டுப் போய்விடக் கூடாதாம். பிள்ளைகள்கூட மத்தாப்போடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தக் கண்மாயிலிருந்து இரை தேடிப் பறந்து வருகிற கொக்குதான் உங்கள் வீடியோவில் விழுகிறது.

அந்தப் பையன் இப்போதும் சனிக்கிழமைகளில் மருந்தகத்துக்கு வருகிறான். ஆட்டுக்குட்டியைப் பிடித்துக்கொள்வான், பஞ்சு எடுத்துக் கொடுப்பான். மடையானைப் பற்றி அவனும் பேசுவதில்லை, நானும் பேசுவதில்லை. ஊசியை மட்டும் கழுவி, காகிதக் கூம்போடு ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். உங்களில் யாராவது ஒருவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வீடியோ பேச முன்வந்தால், எந்தக் கிழமையானாலும் வாருங்கள், தருகிறேன்.

அன்புடன்,
கண்மாய்க்கரை ஊர் ஒன்றின் கால்நடை மருத்துவர்