யூவி பக்கம் மேல இருக்கணும் ஐயா

ரங்கூன்ல நம்ம கோயில் நிர்வாகப் பெரியவங்களுக்கு வணக்கம்.

மண்டபத்துக் கூரை கதை உங்களுக்குத் தெரியாததில்ல, மூணு மழையா பக்கெட்டு வச்சுப் பிடிக்கிறோம். போன ஞாயித்துக்கிழமை தமிழ் வகுப்புல வழக்கம்போல கரண்ட் இல்ல. கரண்ட் இல்லாட்டியும் வெளிச்சம் வரட்டும்னுதானே கூரைக்கு அந்த ஷீட்டையே போட்டீங்க? இப்ப அது ஆறிப்போன டீத்தண்ணி நிறத்துல கிடக்கு. ஏழு வயசுப் பொண்ணு ஒண்ணு புத்தகத்தக் கண்ணுக்குக் கிட்ட வச்சுக்கிட்டு 'ண'வா 'ன'வான்னு சுழிய எண்ணிட்டிருக்கு, அந்த நேரம் பார்த்து அதே பக்கத்து மேல பொட்டுன்னு ஒரு சொட்டு. அழல, பாவாடையால தொடச்சுட்டு மறுபடி முதல்ல இருந்து எண்ணுச்சு.

நான் போர்டு கடையில ஷீட்டு அறுக்கிறவன். அது பாலிகார்பனேட்டுங்கிற பிளாஸ்டிக், சரக்கு நல்ல சரக்குதான், கண்ணாடிய விட 200 மடங்குக்கு மேல அடி தாங்கும். ஆனா வெறும் உடம்புக்கு வெயில் ஆகாது, அதுக்குத்தான் ஒரு பக்கம் யூவி பூச்சு, அதான் வெயிலோட புற ஊதாக் கதிரத் தடுக்கிற பூச்சு, குடுத்து, ஒட்டுன பிலிம்லயே இந்தப் பக்கம் வெளியன்னு அச்சடிச்சு அனுப்புறான். நம்ம ஆளுங்க பூச்சுப் பக்கத்த சாமிக்கும் வெறும் பக்கத்த வெயிலுக்கும் காட்டிட்டாங்க. ஸ்க்ரூ ஓட்டையும் இறுக்கமா போட்டிருக்கு. 12 அடி ஷீட்டு 30 டிகிரி சூடு ஏறுனா 7 மில்லிமீட்டர் நீளும், நீள இடமில்லாட்டி ஓட்டையச் சுத்தித்தான் விரிசல் விடும். போதாததுக்கு பெயிண்ட் கறைன்னு தின்னர் போட்டு வேற தொடச்சிருக்காங்க, அதுவும் இந்தச் சரக்குல விரிசல் விட வைக்கும்.

புது ஷீட்டு போடுங்க, யூவி பக்கம் மேல வச்சுப் போடுங்க, கேக்கிறது இவ்வளவுதான். இருக்கிறதையே திருப்பிப் போட்டுக்கலாம்னு பேச்சு அடிபடுது, மஞ்சளானது வெளுக்காதுங்க. உபயதாரர் பேரு வெட்டுன கல்லு மட்டும் எந்த மழையிலயும் மங்கல, அதையே கூரையா போட்டிருக்கலாம். கேட்டா சாமி காரியத்துல குத்தம் சொல்லாதேங்கிறீங்க, வரவு செலவு கேட்டாலும் அதே பதில், பக்கெட்டு வாங்குன கணக்காவது நோட்டுல இருக்கா? சரி, பேச்சு எங்கயோ போகுது, மன்னிக்கணும்.

மழை விட்டதும், பர்மா புத்தாண்டு திஞ்சானுக்குள்ள மாத்திக் குடுங்க ஐயா, தயவுசெஞ்சு யூவி பக்கம் மேல. ஓட்டை நானே பெருசாப் போட்டுத் தர்றேன், கூலி வேணாம், ஏணிய மட்டும் பூட்டி வைக்காதீங்க.