ஸ்டென்ட் வைத்த பிறகும் கவனிப்பு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

அடிவயிற்றிலிருந்து கால்களுக்கு இறங்கும் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டால், சிறிது தூரம் நடந்ததுமே பிட்டமும் தொடையும் கெண்டைக்காலும் பிடித்து இழுக்கும், நின்றால் விட்டுவிடும். எங்கள் குடியாத்தம் பக்கம் இதை வாயுப்பிடிப்பு என்று சொல்லி, தைலம் தேய்த்தே காலத்தைக் கடத்துகிறார்கள். கொடுமை!

அடைப்பைத் திறந்துவைக்க இந்த இடத்தில் குழாய்க்குள் வைக்கும் சிறு வலைக்குழாயான ஸ்டென்ட், தொடையில் வைப்பதைவிட நீண்ட காலம் தாங்கக்கூடியது. 5 ஆண்டுகள் கழித்தும் சுமார் 10 பேரில் ஏழெட்டுப் பேருக்கு அடைப்பின்றி இருக்கிறது. மீண்டும் அடைத்தாலும் பெரும்பாலும் குழாய்க்குள் சிறு பலூனை விரித்தே திறந்துவிடலாம்.

ஆனால் ஸ்டென்ட் குழாயைத் திறக்குமே தவிர நோயைத் தீர்க்காது. என் சித்தப்பா வலி போன கையோடு மாத்திரையையும் நிறுத்திவிட்டார். அவர் சட்டைப்பையில் மருத்துவமனைச் சீட்டும் பீடிக்கட்டும் ஒன்றாகவே இருந்தன. இந்நோயாளிகளுக்குக் காலைவிடப் பெரிய ஆபத்து மாரடைப்பும் பக்கவாதமும்தான் என்பதை அவரிடம் யாரும் அழுத்திச் சொல்லவில்லை. ஆஸ்பிரின், கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை, தினசரி நடை, புகையை அடியோடு விடுவது ஆகிய நான்கும் ஆயுள் முழுவதும் தொடர வேண்டியவை.

2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர்கள் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடி வருகிறார்கள். அவர்களே புகைப்பவர்கள், சர்க்கரை நோயாளிகளின் பாதத்தில் நாடித்துடிப்பையும் பார்க்கட்டும். ஸ்டென்ட் வைத்தவர்கள் மாத்திரையைத் தொடர்கிறார்களா என்றும் கேட்கட்டும். பீடி சுற்றும் குடும்பங்கள் நிறைந்த வேலூர் மாவட்டத்திலேயே இதைத் தொடங்குமாறு சுகாதாரத் துறையை வேண்டுகிறேன்.

– ஒரு வாசகர், குடியாத்தம்